நெய்வேலிச் சாம்பலும் நிலவின் மண்ணும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவைக் கட்டுச்சோறாகக் கட்டிக்கொண்டு செல்லலாம். உடையை மூட்டையாகச் சுமந்து செல்லலாம். உறையுளை மட்டும் ஒருவரும் தூக்கிச் செல்ல இயலாது. ஆதலின், மக்கள் எந்நாட்டில் குடியேறினும், அந்நாட்டு மண்ணையும் மரத்தையும் கல்லையும் கொண்டே மனை அமைத்தனர். கடற்கரையில் வாழ்வோர் பனையோலையாலும் தென்னங்கீற்றாலும் குடில் வேய்ந்தனர். மலைநாட்டார் மூங்கிலைப் பிளந்து தட்டி பின்னினர். வண்டல் நிலத்தார் களிமண்ணைக் குழைத்துச் செங்கல் அறுத்துச் சூளையிட்டனர். வடதுருவத்தை அடுத்து வாழும் மக்களோ, வேட்டைக் காலத்தில் உறைபனியையே வெட்டி அடுக்கி அதனுள் தங்கினர். மனைக்கு வேண்டிய பொருளை மனையிடத்திலேயே தேடுக என்பது கட்டடக் கலையின் பழைய நெறி எனலாம்.

இந்நெறி இம்மண்ணுலகிற்கு மட்டும் உரியதோ? காற்றில்லாத வெண்ணிலவிலே மனிதன் தங்கி வாழ ஒரு மனை வேண்டுமாயின், அங்கும் இந்நெறியே துணை செய்யும் என்கின்றனர் அறிவியலார். அஃது எவ்வாறு என்பதை அறிய, நாம் முதலில் நெய்வேலிக்குச் செல்வோம்.

நெய்வேலி கடலூர் மாவட்டத்தில் உள்ளது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபொழுது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. ஆய்ந்து பார்த்தோர் அது பழுப்பு நிலக்கரி எனக் கண்டனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நின்றமையால், அந்நீரை இடையறாது இறைத்தால் அன்றிச் சுரங்கம் நிலைக்காது என்னும் நிலை இருந்தது. அவ்விடர்களையெல்லாம் வென்று, 1961-இல் கரியை வெளிப்படுத்தினர். மறு ஆண்டு, சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த அனல் மின் நிலையம் மின்னாற்றல் வழங்கத் தொடங்கியது. அம்முதல் நிலையம் ஏறத்தாழ 58 ஆண்டுகள் உழைத்து 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் பின் எழுந்தவை இன்று இயங்குகின்றன.

இவ்வொளிக்கு விலை கொடுத்தோரையும் நாம் மறத்தல் ஆகாது. கரி கிடந்த இடத்தின் மேலே ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, ஊர்ப் பொதுவில் ஆலும் அரசும் நிழல் தந்து நின்றன. அவற்றையெல்லாம் விட்டு, மக்கள் வேற்றிடம் சென்று குடியமர்ந்தனர். புதிய சுரங்கத்திற்கு நிலம் வேண்டப்படும்பொழுது உழவர் உள்ளம் இன்றும் பதறுகின்றது. ஒருவர் துறந்த வீட்டின் பயனாய் மற்றொருவர் வீட்டில் விளக்கு எரிகின்றது. ஆதலின், அந்நிலத்தினின்று எடுத்த பொருளில் ஒரு துகளும் வீணாதல் கூடாது என்பது நம் கடமையாகின்றது.

கரி எரிந்தபின் எஞ்சுவது சாம்பல். அடுப்புச் சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் செடிக்கு இடவும் பயன்படுத்துகிறோம். ஆனால், மின் நிலையத்தின் கொதிகலனில் நாள்தோறும் மலைபோலக் கரி எரிகின்றது. அதன் சாம்பல் மாவினும் நுண்ணிது. காற்றில் எளிதில் பறப்பது. அதனைப் புகையினின்று மின்விசையாற் பிரித்து எடுக்கின்றனர். எடுத்ததை எங்கே வைப்பது? குளம்போல வெட்டிய பள்ளங்களில் நீரோடு கலந்து விட்டால், மேலும் நிலம் வீணாகின்றது. காய்ந்தபின் காற்றடித்தால் அது துணியிலும் இலையிலும் படிகின்றது. மூச்சோடு கலந்து நெஞ்சையும் துன்புறுத்துகின்றது. இவ்வாறு, ஒளி தந்த கரியே சாம்பலாகி ஊருக்கு இடராகவும் மாறக்கூடும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி அச்சாம்பலின் உள்ளேயே இருந்தது. சாம்பலை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினால், கண்ணாடி மணிகள் போன்ற நுண்ணிய உருண்டைகள் தெரியும். சிலிக்கன், அலுமினியம் என்பவற்றின் கூட்டுப்பொருள்கள் அவற்றில் மிகுதி. இவற்றோடு சுண்ணாம்பும் நீரும் சேருமாயின், மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகும். பண்டை உரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து துறைமுகங்களும் மண்டபங்களும் கட்டியது இம்முறையாலேயே ஆகும். நெய்வேலிச் சாம்பலுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அதில் இயல்பாகவே சுண்ணாம்புச் சத்து ஓரளவு மிகுந்துள்ளது. ஆதலின், நீர் பட்டால் தானே இறுகும் தன்மை அதற்கு உண்டு.

சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம், மணல் ஆகியவற்றை அளவறிந்து கலந்து, நீர் தெளித்துப் பிசைந்து, அச்சில் இட்டு எந்திரத்தால் அழுத்துவர். பின்னர்ச் சில நாட்கள் நீர் தெளித்து வருவர். சூளை வேண்டுவதில்லை, விறகும் வேண்டுவதில்லை. இக்கல்லை மக்கள் பிளை ஆஷ் கல் என்றும் சாம்பல் கல் என்றும் வழங்குகின்றனர். வயலின் மேல்மண்ணைச் சுரண்டிச் செங்கல் அறுப்பதைக் குறைக்கவும், சாம்பலைப் பயன்படுத்தவும் 1999-ஆம் ஆண்டில் நடுவணரசு ஆணை பிறப்பித்தது. அன்று தொட்டு இக்கல்லின் பயன் பெருகியது.

ஒரு நாள், நெய்வேலியை அடுத்த ஓர் ஊரில் வீடு கட்டும் இடத்தில் நின்ற பள்ளிச் சிறுவன் ஒருவன், முதிய கொத்தனாரை நோக்கி, "தாத்தா, சாம்பலை ஊதினால் பறந்துவிடுமே! சாம்பலாற் செய்த கல் வீட்டைத் தாங்குமா?" என்று வினவினான்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கற்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். கணீரென்று ஓசை எழுந்தது. "ஓசை கேட்டாயா, தம்பி? உள்ளே வெடிப்பு இருந்தால் இவ்வோசை வாராது, மொத்தென்று கேட்கும்" என்றார். பின்னர் மற்றொரு குவியலினின்று ஒரு கல்லை எடுத்து நகத்தாற் கீறினார். பொடி உதிர்ந்தது. "இதனைப் பார். இதுவும் அதே சாம்பல்தான். கலவையில் அளவு தவறினாலும், நீர் தெளிக்கச் சோம்பினாலும் கல் இவ்வாறு ஆகும். இதனை நான் சுவரில் வைக்க மாட்டேன். சாம்பலின்மேல் குற்றமில்லை, தம்பி, செய்தவர் கையில் இருக்கிறது" என்றார்.

பொருளை நம்புவதற்கு முன் அதனைத் தட்டிப் பார்த்தல் வேண்டும் என்று அம்முதியவர் காட்டினார். விண்ணில் மனை கட்ட முயலும் அறிஞர்களும் இதனையே செய்து வருகின்றனர்.

நிலவின் இயல்பைச் சிறிது காண்போம். அங்கே மூச்சுக்குக் காற்று இல்லை. நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாட்கள் பகல். 14 நாட்கள் இரவு. நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வெப்பம் கொதிநீரின் வெப்பத்தையும் கடந்து 120 பாகை அளவு ஏறும். இரவிலோ சுழிக்குக் கீழ் 130 பாகைக்கும் மேலாகக் குளிரும். காற்றுப் போர்வை இன்மையால் விண்கற்கள் தடையின்றி வந்து தாக்குகின்றன. கதிரவனிடமிருந்தும் அண்டவெளியிலிருந்தும் வரும் கொடிய கதிர்கள் உயிர்க்கு ஊறு செய்கின்றன. இத்தகைய இடத்தில் சுவர் என்பது வெயில் மழைக்கு மறைப்பு மட்டுமன்று, அதுவே உயிர்க்காவல். அச்சுவரில் விரிசல் விடுமாயின், அடுத்த வீட்டிற்கு ஓடிப் பிழைக்கவும் வழியில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். நம் ஊரில் சுவரின் வேலை, கூரையின் பாரத்தைத் தாங்குவது. செங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கு எளிதில் முறியும். நிலவு மனையிலோ உள்ளே காற்று உண்டு. வெளியே காற்று இல்லை. பூமியில் உள்ள அளவு காற்றை உள்ளே அடைத்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மேலும் ஏறத்தாழ 10 டன் எடைக்கு ஒப்பான விசை வெளிநோக்கித் தள்ளும். கூரை கீழே விழுமோ என்று நாம் அஞ்சுகிறோம். அங்கே கூரை மேலே பெயர்ந்துவிடுமோ என்று அஞ்சுதல் வேண்டும்! மண்ணைக் குவித்து அதன் எடையால் மட்டும் அவ்விசையை அடக்கலாம் என்றால், நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே ஆதலின், ஏறத்தாழ 40 மீட்டர் உயரம் குவிக்க நேரும். ஆகவே, காற்றை அடக்கும் உட்கூட்டை உறுதியான பிறபொருளால் அமைத்து, அதற்கு மேலே கதிரையும் கல்லையும் வெப்பத்தையும் தடுக்கும் தடித்த மதிலை நிலவு மண்ணால் எழுப்புதலே தக்கது என்பர்.

அம்மதிலுக்குரிய கற்களைப் பூமியினின்று கொண்டு செல்லலாகாதோ எனின், ஒரு கணக்குப் பார்ப்போம். 1969 முதல் 1972 வரை ஆறு முறை நிலவில் இறங்கிய அமெரிக்க வீரர் 12 பேரும் சேர்ந்து அங்கிருந்து கொணர்ந்த கல்லும் மண்ணும் 382 கிலோகிராம். நம் செங்கல் ஒன்று ஏறத்தாழ 3 கிலோகிராம் எடையுள்ளது. எனவே, அவர்கள் கொணர்ந்த அனைத்தும் 130 செங்கல்லின் எடையைக்கூட எட்டவில்லை. ஒரு திண்ணை கட்டவும் போதாத இவ்வளவிற்கு ஆறு பெரும் பயணங்கள்! கல்லைச் சுமந்து செல்வது கூடாத செயல் என்பது இதனால் விளங்கும்.

நிலவின் மண் மனைக்குத் தக்கதா? 2023-ஆம் ஆண்டு ஆகத்து 23-ஆம் நாள் நிலவின் தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கிய நம் சந்திரயான்-3, அம்மண்ணின் வெப்பத்தை அளந்தது. மேற்பரப்பில் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தைக் காட்டிய கருவி, 8 செண்டிமீட்டர் ஆழத்தில் சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 10 பாகையைக் காட்டியது. கையின் அகலம் உள்ள மண்படலம் இவ்வளவு வெப்பத்தைத் தடுத்து நிறுத்தியது எனின், பல முழத் தடிப்புள்ள மண் மதிலின் பயனைச் சொல்லவும் வேண்டுமோ!

அம்மண்ணை ஆராய விரும்புவோர் அனைவர்க்கும் நிலவு மண் கிடைப்பதில்லை. ஆதலின், அதனை ஒத்த மண்ணைப் பூமியில் தேடுகின்றனர். இப்பேறு நம் தமிழ்நாட்டிற்கு வாய்த்தது. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்களில் அனார்த்தசைட்டு என்னும் பாறை கிடைக்கின்றது. நிலவின் மேட்டு நிலங்களில் உள்ள பாறையும் இவ்வினத்ததே. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் இப்பாறையை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் பருமனுக்கு ஏற்பச் சலித்துப் போன்மண் ஆக்கியது. சந்திரயான் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்கப் பெங்களூரில் பரப்பப்பட்டது இம்மண்ணே. இவ்வாக்கத்திற்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆடு மேய்ப்போர் நாளும் கடந்து சென்ற பாறையின் பெருமை, அறிவுடையோர் தட்டிப் பார்த்தபின் விளங்கியது.

இனி, மண்ணைக் கல்லாக்கும் முறைகளைக் காண்போம்.

முதலாவது, சுடுதல். நம் குயவரும் சூளைக்காரரும் அறிந்த முறை இது. மண்ணை ஏறத்தாழ உருகும் நிலை வரை சூடாக்கினால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும். இதற்கு நீர் வேண்டா என்பது பெருநன்மை. குழியாடியால் கதிரவன் ஒளியைக் குவித்தே சுடலாம் என்றும் கருதுகின்றனர். ஆயினும், கடும் வெப்பமும் கடுங்குளிரும் மாறி மாறித் தாக்க, இக்கல் வெடித்தல் கூடும்.

இரண்டாவது, நுண்ணுயிரால் கட்டுதல். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியற் கழகத்தாரும் விண்வெளி ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து 2020-இல் இம்முறையை வெளியிட்டனர். ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்னும் நுண்ணுயிர், யூரியாவைச் சிதைக்கும். அதனாற் பிறக்கும் பொருள் கால்சியத்தோடு கூடிச் சுண்ணாம்புப் படிகமாகி, மண் துகள்களைப் பிணைக்கும். இக்கலவைக்கு வலிமை கூட்ட அவர்கள் சேர்த்தது யாது தெரியுமா? கொத்தவரை இனத்து விதையின் பசை! கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் விட்டு அரைத்த நம் முன்னோர் இதனைக் கேட்டால் முறுவலிப்பர். சுட்ட கல்லில் ஏற்பட்ட வெடிப்பை இந்நுண்ணுயிர்க் கலவையால் நிரப்பி, வலிமையை ஓரளவு மீட்கலாம் என்றும் 2025-இல் அக்கழகத்தார் காட்டினர். ஆயினும், காற்றற்ற வெளியில் நீர் நில்லாது ஆவியாகும். ஆதலின் இவ்வேலையைக் காற்று அடைத்த பட்டறைக்குள்ளேதான் செய்தல் வேண்டும்.

மூன்றாவது, காரத்தால் இறுகச் செய்தல். இதுவே நெய்வேலியையும் நிலவையும் இணைக்கும் பாலம். சிலிக்கனும் அலுமினியமும் நிறைந்த பொடியில் காஸ்டிக் சோடா முதலிய காரக் கரைசலைச் சேர்த்து மிதமாகச் சூடாக்கினால், சிமெண்டு இன்றியே அது கல்லாகும். இதனை ஜியோபாலிமர் என்பர். மின் நிலையச் சாம்பலைக் கொண்டு இம்முறையைப் பல நாட்டாரும் பழகியுள்ளனர். நிலவின் மண்ணிலும் சிலிக்கன், அலுமினியம், கால்சியம் ஆகியவை உள்ளமையால், அதே முறையை நிலவிற்கும் கொண்டு செல்லலாம் என்று ஆராய்கின்றனர். எரிந்த கரியின் சாம்பலும், விண்கற்கள் இடித்துப் பொடியாக்கிய நிலவு மண்ணும் பிறப்பால் வேறாயினும், இயல்பால் உறவுடையன.

பிற நாட்டாரும் முயன்று வருகின்றனர். 1986-இல் அமெரிக்காவில் லின் என்னும் பொறியியல் அறிஞர், உண்மையான நிலவு மண்ணில் 40 கிராம் பெற்றுக் கற்காரைக் கட்டி செய்து நசுக்கிச் சோதித்தார்; அது நம் வழக்கமான கற்காரையினும் வலியதாய் இருந்தது. 2024 நவம்பரில் சீன நாட்டார், நிலவு மண்ணை ஒத்த பொருளாற் செய்த சிறு செங்கற்களைத் தம் விண்வெளி நிலையத்திற்கு அனுப்பி, அவை வெளியில் நின்று எவ்வளவு தாங்குகின்றன எனக் காண முற்பட்டனர். கொத்தனார் தட்டிப் பார்த்த அதே சோதனைதான். தட்டும் இடமே வேறு.

மற்றும் ஓர் ஒற்றுமை உண்டு. 1972-இல் நிலவிற்குச் சென்ற ஹாரிசன் ஷ்மிட் என்னும் நிலவியலார், உடையில் ஒட்டி வந்த நிலவுத் தூசியால் தும்மலும் மூக்கடைப்பும் உற்றார். அத்தூசி கூரிய முனைகள் உடையது, நெஞ்சிற்கு ஆகாதது. சாம்பல் படியும் ஊரில் வாழ்வோர்க்கு இத்துன்பத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: பறப்பதைப் பிணித்துக் கல்லாக்குதல். கல்லானபின் அது மூச்சை அடைக்காது. மூச்சைக் காக்கும் சுவராக நிற்கும்.

மாணவர்களே, 2040-ஆம் ஆண்டிற்குள் நிலவிற்கு மனிதரை அனுப்புதல் வேண்டும் என்று நம் நாடு குறிக்கோள் கொண்டுள்ளது. அப்பொழுது நீங்கள் உழைக்கும் பருவத்தினராய் இருப்பீர்கள். நிலவு மனைக்குக் கல் அறுப்போர் உங்களுள் எவரும் ஆகலாம். ஆனால், அதற்கு முன்னரே செய்யத் தக்க பணி இங்கே காத்திருக்கின்றது. ஊரை விட்டுச் சென்றோர்க்கு வீடு வேண்டும். சாம்பல் மேடுகள் குறைதல் வேண்டும். வயலின் மேல்மண் சூளைக்குப் போகாது நிற்றல் வேண்டும். இங்கே ஏழை ஒருவரின் வீட்டிற்கு நல்ல கல் செய்யக் கற்றவரே, அங்கே விண்வீரரின் உயிர்க்கும் நல்ல கல் செய்ய வல்லவர் ஆவர். அடுத்த முறை சாம்பல் கல் ஒன்றைக் காணும்பொழுது, அதனைக் கையில் எடுத்துத் தட்டி ஓசை கேளுங்கள்.

வினாக்கள்

1. நெய்வேலிச் சாம்பலின் தனிச் சிறப்பு யாது?
2. நிலவு மனையின் கூரைக்கும் நம் வீட்டுக் கூரைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. சித்தம்பூண்டிப் பாறை விண்வெளி ஆய்விற்கு உதவியது எவ்வாறு?
4. 'செய்தவர் கையில் இருக்கிறது' என்று கொத்தனார் கூறியதன் கருத்தை உம் ஊர்த் தொழில் ஒன்றோடு பொருத்தி எழுதுக.